தாது வருடமும் ஒரு ராத்தல் தானியமும்

நம் முன்னோர் ஆண்டுகளை எண்ணால் குறித்ததைவிடப் பெயரால் குறித்ததே மிகுதி. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்கள் ஓயாமல் சுழன்று வருகின்றன. அவற்றுள் பத்தாவதாகிய தாது என்னும் பெயர், கொங்கு நாட்டிலும் சேலம், ஆர்க்காடு, இராமநாதபுரம் வட்டாரங்களிலும், மற்றப் பெயர்களைப் போல் எளிதில் வந்து போன ஒன்றன்று. 'தாது வருசத்துப் பஞ்சம்' என்னும் தொடர் மூன்று நான்கு தலைமுறைகள் வரை முதியோர் நாவில் நிலைத்திருந்தது. 1936-இலும் 1996-இலும் அதே பெயருடைய ஆண்டுகள் வந்து சென்றன. 1996 ஜூனில் சென்னை நகரம் காலமல்லாக் காலத்துப் பெருமழையில் மூழ்கியதுகூட உண்டு. ஆயினும் தாது என்றவுடன் நினைவுக்கு வருவது 1876 ஏப்ரலில் தொடங்கிய அந்த ஓர் ஆண்டே.

அப்பஞ்சத்தைப் பற்றி நாட்டுப்புறப் புலவர்கள் கும்மிகள் கட்டினர். அவற்றுள் சிலவற்றைப் புலவர் செ. இராசு தேடித் தொகுத்துப் 'பஞ்சக் கும்மிகள்' என நூலாக்கியுள்ளார். சிவகங்கைச் சீமையின் வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்னும் நூலில் அதே பஞ்சத்தை எள்ளல் சுவையோடு பாடினார். பட்டினியைப் பாடும்போதும் சிரிக்கத் தெரிந்த மக்கள் நாம் என்பதற்கு அந்நூல் சான்று. எனினும் நமது பாடப் புத்தகங்களில் இந்நிகழ்ச்சிக்குக் கிடைத்த இடம் சில வரிகளே. போர்களுக்கும் அரசர்களுக்கும் தந்த பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூட நாம் இதற்குத் தரவில்லை.

மழை எவ்வாறு பொய்த்தது என்பதை முதலில் காண்போம். 1876-இல் தென்மேற்குப் பருவமழை தக்காணத்தில் மெலிந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழையோ தமிழ் மாவட்டங்களில் ஏறக்குறைய முற்றிலும் பொய்த்தது. ஏரிகள் நிரம்பவில்லை. கிணறுகள் வற்றின. பல்லாரி, கர்நூல், கடப்பை ஆகிய மாவட்டங்களும், நம் பகுதியில் சேலம், கோவை, வட ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகியனவும் மிகுந்த துன்பத்துக்குள்ளாயின. 1877-இல் தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. காவிரியின் நீர் பாய்ந்த தஞ்சைக் கழனிகள் மட்டும் ஓரளவு தப்பின. நெல் இருந்த இடமும் பசி இருந்த இடமும் இருநூறு மைலுக்குள் அடங்கியிருந்தன என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அந்நாளில் இருப்புப்பாதை இல்லாமற் போகவில்லை. சென்னை மாகாணத்தில் முதல் தொடர்வண்டி 1856-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. வங்கத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசி வந்தது. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் குன்றுபோல் குவிந்து கிடந்ததை அக்காலத்தவர் எழுதிவைத்துள்ளனர். ஆனால் அரிசி விலை இரண்டு மடங்காகி, மூன்று மடங்கையும் எட்டியது. விளைச்சல் இல்லாத உழவனிடமும், வேலை இல்லாத கூலியிடமும், துணி விற்காத நெசவாளியிடமும் காசு ஏது? தானியம் கண்ணெதிரே வண்டியில் சென்றது. வாங்கும் ஆற்றல் இல்லாதவன் வழியோரத்தில் விழுந்தான். பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில், பஞ்சம் என்பது உணவு இல்லாமையன்று, உணவைப் பெறும் உரிமையும் ஆற்றலும் இல்லாமையே என்று நிறுவினார். அக்கருத்தைச் சென்னைக் கடற்கரை மூட்டைகள் நூறாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டன. அதே பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் டன் கோதுமை ஏற்றுமதியாயிற்று என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். இராசப் பிரதிநிதியாகக் கல்கத்தாவில் இருந்தவர் லிட்டன் பிரபு. பக்கிங்காமின் அரசு 1876-இன் இறுதியில் 30,000 டன் தானியத்தை ஓசையின்றி வாங்கி இருப்பு வைத்தது. இது வணிகர்களின் வேலையில் அரசு கைவைப்பதாகும் என்று மேலிடம் கடிந்துகொண்டது. சந்தை விலையில் அரசு தலையிடலாகாது என்பது அன்றைய ஆட்சியாளர் வேதவாக்காகக் கொண்ட கொள்கை. 1877 ஜனவரி முதல் நாள் விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசி என அறிவிக்கும் பெருவிழா டில்லியில் நடந்தது. விருந்தினர் தொகை பல்லாயிரம். கொண்டாட்டம் பல நாள். தெற்கே கஞ்சித் தொட்டிகளின் முன் மக்கள் வரிசை நீண்டுகொண்டிருந்த வாரம் அது.

அவ்விழா முடிந்த கையோடு சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட அனுப்பப்பட்டார். இவருடைய முன்கதை அறியத்தக்கது. 1873-74-இல் பீகாரில் மழை பொய்த்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி தருவித்து மக்களைக் காத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, அரசுப் பணத்தை வீணடித்தவர் என்னும் வசை. உயிர் காத்த குற்றத்துக்காக இகழப்பட்ட அவர், அவ்விகழ்ச்சியைத் துடைக்கும் வாய்ப்பாகச் சென்னையைக் கண்டார் போலும். நிவாரண வேலைத்தலங்களில் மண் சுமந்தும் கல் உடைத்தும் பாடுபடும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என அவர் விதித்தார். வீட்டிலிருந்து வெகுதொலைவிலுள்ள வேலைத்தலத்துக்கே செல்ல வேண்டும் என்னும் நிபந்தனையும் சேர்ந்தது. உண்மையில் தேவையுள்ளவன்தானா என்று சோதிப்பதற்காம்! நடக்க முடியாதவனே மிகவும் தேவையுள்ளவன் என்பது அவர்களுக்கு ஏன் தோன்றவில்லையோ, நாமறியோம்.

ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். இன்றைய கணக்கில் சுமார் 1600 கலோரி. நாள் முழுதும் மண் வெட்டும் ஆடவனுக்கு வேண்டியது இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கலோரிக் கணக்கு அன்று நடைமுறைக்கு வரவில்லையாயினும், இந்த அளவு போதாது என்பதை அறிய அது தேவைப்படவுமில்லை. பம்பாய் மாகாணத்தில் இக்கூலியை ஏற்க மறுத்துப் பசித்த மக்களே வேலைத்தலங்களைவிட்டு வெளியேறினர்.

சென்னையில் எதிர்ப்புக் குரல் எழுப்பியவர் ஓர் அரசு மருத்துவர். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் ராபர்ட் கார்னிஷ் என்பவர் அவர். நமது மதிப்பீட்டில், இந்த நெடுங்கதையில் நினைவில் நிறுத்தத் தக்கவர்களுள் முதல்வர் இவரே. டெம்பிளின் அளவைக் கேட்டதும் அவர் இரக்கத்தின் பெயரால் வாதாடவில்லை. உடலின் பெயரால் வாதாடினார். மாகாணச் சிறைச்சாலைகளில் கைதிகளுக்கு என்ன உணவு தரப்படுகிறது, அதில் என்ன வேலை வாங்கப்படுகிறது, எந்த அளவுக்குக் கீழே போனால் கைதி மெலிந்து நோயுறுகிறான் என்னும் கணக்குகள் அவர் கையில் இருந்தன. குற்றம் செய்து சிறை புகுந்தவனுக்குக் கிடைக்கும் சோறு, குற்றமேதும் செய்யாமல் மழை பொய்த்ததால் வேலைக்கு வந்தவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும். அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும். வெறுந் தானியம் வயிற்றை நிரப்புமே ஒழியத் தசையை வளர்க்காது என்றார்.

டெம்பிள் இதற்கு மறுமொழி தந்தார். கார்னிஷ் அதற்கும் மறுமொழி எழுதினார். இவ்வெழுத்துப் போர் அச்சேறி, மக்கள் முன்னும் வந்தது. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராயிருந்த வில்லியம் டிக்பி கார்னிஷின் பக்கம் நின்றார். பின்னர் அவர் 'தென்னிந்தியாவில் பஞ்சப் போராட்டம்' என்னும் பொருள்படும் தலைப்பில் இரு பெருந்தொகுதிகளாக எழுதிய நூலே இன்றும் இப்பஞ்சத்துக்கு முதன்மையான சான்று. 1877-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் பக்கிங்காம் அரசு டெம்பிளின் அளவைக் கைவிட்டு உணவை உயர்த்தியது. ஆனால் அதற்குள் பல மாதங்கள் கடந்துவிட்டன. ஒரு ராத்தலுக்கும் ஒன்றரை ராத்தலுக்கும் இடையே உள்ள அரை ராத்தலில் எத்தனை உயிர்கள் அடங்கியிருந்தன என்பதை எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது.

பட்டினி மனிதனை நேரடியாகக் கொல்வது அரிது. நோயை அழைத்து அதன் கையில் ஒப்படைக்கிறது. தாதுப் பஞ்சத்தில் முதலில் வந்தது வாந்திபேதி. ஏரியும் ஊருணியும் வற்றி, எஞ்சிய ஒரே குட்டையில் ஊரே நீர் எடுத்தது. அதிலேயே மாடும் இறங்கியது. நிவாரண முகாம்களிலோ ஆயிரக்கணக்கானோர் நெருங்கிக் கிடந்தனர். 1877-இல் மட்டும் சென்னை மாகாணத்தில் வாந்திபேதியால் இறந்ததாகப் பதிவானோர் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஊர்விட்டு ஊர் சென்று சாலையோரத்தில் மடிந்தவர்கள் எந்தப் பதிவேட்டில் ஏறியிருப்பர்? இந்நோயின் கிருமியை இராபர்ட் காக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உறுதி செய்தது 1883-84-இல். தாது வருடத்தில் அது கெட்ட காற்றா, கெட்ட நீரா, மாரியின் சீற்றமா என்னும் வழக்கு மருத்துவரிடையிலேயே தீரவில்லை. பெரியம்மையும் உடன் பரவியது.

பசித்தவர்கள் கண்டதையெல்லாம் தின்றனர். காட்டுக் கிழங்குகளையும் கீரைகளையும் புளியங்கொட்டையையும் வேகவைத்தும் இடித்தும் உண்டனர். இவ்வுணவு பலருக்கு ஆறாத வயிற்றுப்போக்கில் முடிந்தது. முகாமுக்கு வந்து கஞ்சி கிடைத்த பின்னரும் பலர் பிழைக்கவில்லை. இதற்குக் காரணம் தேடி, அலெக்சாண்டர் போர்ட்டர் என்னும் மருத்துவர் சென்னையில் இறந்தோரின் உடல்களை அறுத்து ஆய்ந்தார். நெடும்பட்டினியில் குடலின் உட்சுவர் மெலிந்து, உண்டதை உடல் ஏற்கும் ஆற்றலே அழிந்திருந்தது. அவருடைய ஆய்வு 1889-இல் சென்னைப் பஞ்ச நோய்கள் பற்றிய நூலாக வெளிவந்தது. உணவு வந்தால் போதாது, உரிய காலத்தில் வர வேண்டும் என்பதை அந்நூலின் பக்கங்கள் காட்டுகின்றன.

மூன்றாவது அடி மழையோடு வந்தது. 1877-இன் பிற்பகுதியில் வானம் திறந்தது. எல்லாரும் எதிர்பார்த்த மழை. ஆனால் நீர் தேங்கிய இடமெல்லாம் கொசு பெருகிற்று. எலும்பும் தோலுமாய் இருந்த மக்களைக் குளிர்காய்ச்சல் வாரிக்கொண்டது. மாடுகள் பஞ்சத்தில் மடிந்துவிட்டமையால் கொசுக்கள் மனிதரையே நாடின என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். விதைக்க வேண்டிய நேரத்தில் உழவன் நடுங்கிக் கிடந்தான். கொசுவே இந்நோயைக் கடத்துகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். அதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. வறட்சி முடிந்த பிறகும் சாவு முடியாமற் போனதன் காரணம் இதுவே.

ஊரைவிட்டு வெளியேறியவர் கதை தனியே எழுதப்பட வேண்டியது. கங்காணிகள் காட்டிய வழியில் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் பகுதி மக்கள் கூட்டங்கூட்டமாய்க் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியிலேயே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தோர் பலர். 1869 முதல் காப்பிச் செடியை ஒருவகை இலைநோய் அரித்துக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. இன்று மலையகத் தமிழர் எனப்படும் மக்களின் குடும்பக் கதைகளுள் கணிசமானவை இந்த வருடத்தில்தான் தொடங்குகின்றன. பர்மா, மொரீசியசு, நேட்டால் எனப் பிற திசைகளிலும் கப்பல்கள் சென்றன.

திருச்சபையும் இக்கதைக்குப் புறம்பானதன்று. புதுவை, மதுரை, கோவை மறைப்பணித் தளங்களில் குருக்களும் கன்னியரும் கஞ்சி ஊற்றினர். பெற்றோரை இழந்த குழந்தைகளை ஏற்று வளர்த்தனர். நம் மறைமாவட்டங்களில் இன்றும் இயங்கும் அனாதை இல்லங்கள் சிலவற்றின் வேர் அங்கே உள்ளது. கத்தோலிக்கரிடையிலும் பிற சபைகளிலும் அவ்வாண்டுகளில் பெருந்தொகையினர் திருமுழுக்குப் பெற்றனர். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்னும் ஏளனம் நெடுங்காலம் அவர்கள் பிள்ளைகளைத் தொடர்ந்தது. பசியோடு வந்தவனின் நம்பிக்கையை எடைபோடும் தராசு நம்மிடமும் இல்லை, ஏளனம் செய்தவரிடமும் இல்லை. ஆனால் பஞ்சத்தில் முதலில் விழுந்தவர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களே என்பதும், ஊர்க்கிணற்றில் அவர்கள் நீர் எடுக்க முடியாதிருந்தது என்பதும் ஏளனம் செய்தோர் மறந்த செய்திகள்.

தமிழின் முதல் புதினத்தைத் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பது வாசகர் அறிந்ததே. முன்சீபு பதவியிலிருந்து விலகி மாயூரத்தில் வாழ்ந்த அவர், இப்பஞ்சத்தின்போது தம் செல்வத்தைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்தார். அவ்வூரையடுத்து வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய அதே பெருமகன், இவரது கொடையைப் புகழ்ந்து கீர்த்தனை ஒன்று பாடினார். சைவப் பெருங்கவி கத்தோலிக்கக் கொடையாளரைப் பாடிய அந்நிகழ்ச்சியை நினைக்க நமக்கு மகிழ்ச்சியே. எனினும் ஒருவரது கொடை ஓர் ஊரைக் காக்கலாம். மாகாணத்தைக் காக்க இயலாது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879-இல், பஞ்சத்தின் சுவடு மறையாத நாளில்.

அவ்வாண்டுகள் விட்டுச்சென்ற அடையாளங்கள் நம்மைச் சுற்றிலும் உள்ளன. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர். ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை. இன்று அதன் மீது பறக்கும் தொடர்வண்டியின் தூண்கள் நிற்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் மூலமோ அதற்கும் பழையது. 1782-இல் ஒரு பஞ்சத்தின்போது ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்துக் கஞ்சித் தொட்டியிலிருந்து வளர்ந்தது அது. வைகை வறண்ட மதுரைச் சீமைக்குப் பெரியாற்று நீரைத் திருப்பும் பழைய திட்டம் தாதுப் பஞ்சத்துக்குப் பின்னரே மீண்டும் உயிர்பெற்று, பென்னிகுவிக்கின் கையில் 1895-இல் நிறைவெய்தியது.

சாவுகளின் எண்ணிக்கை குறித்து வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்துடையவரல்லர். இந்தியா முழுவதற்கும் 50 லட்சத்துக்குக் குறையாது என்பர் சிலர். 80 லட்சத்தையும் கடந்தது என்பர் சிலர். நமக்கு அண்மையிலுள்ள ஒரு கணக்கை மட்டும் காட்டுவோம். 1871-இன் குடிமதிப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-இல் எண்ணியபோது 16 லட்சம். இயல்பாகப் பிறந்து பெருகியிருக்க வேண்டியவர்களை விட்டுவிட்டாலும், ஐந்தில் ஒரு பங்கினர் இல்லை.

வானம் ஏன் பொய்த்தது என்னும் கேள்வியை அறிவியலார் உடனே கையிலெடுத்தனர். இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டதே 1875-இல்தான். அடுத்த ஆண்டே இந்தச் சோதனை. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் சென்னையின் மழைக்கும் தொடர்புண்டு என்று லாக்யர், ஹண்டர் என்னும் இருவர் 1877-இல் வாதிட்டனர். அவ்வாதம் நிலைக்கவில்லை. ஆனால் சூரியனை ஆய்ந்தால் பருவமழையை அறியலாம் என்னும் எண்ணமே, 1899-இல் கோடைக்கானல் மலையில் சூரிய ஆய்வுக்கூடம் எழக் காரணங்களுள் ஒன்றாயிற்று. சுற்றுலா செல்லும் நம்மவரில் எத்தனை பேர் அக்கூடத்தின் அடியில் ஒரு பஞ்சம் புதைந்திருப்பதை அறிவர்? பின்னர் 1904-இல் வானிலைத் துறைத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக் மாகடலின் ஒரு கோடியில் காற்றழுத்தம் ஏறினால் மறுகோடியில் இறங்குகிறது என்னும் ஊசலாட்டத்தைக் கண்டார். பெரு நாட்டுக் கரையில் கடல் வெப்பமுறும் எல் நினோ நிகழ்வோடு அதற்குள்ள பிணைப்பை 1969-இல் பியர்க்னஸ் விளக்கினார்.

இன்று நாம் அறிவது இது. 1877-78-இன் எல் நினோ பதிவுகளிலுள்ள மிக வலியவற்றுள் ஒன்று. அதே ஆண்டுகளில் வட சீனத்திலும் வடகிழக்குப் பிரேசிலிலும் கொடும் பஞ்சம் நிலவியது. ஆயினும் தமிழகத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும். நம் வடகிழக்குப் பருவமழையையோ பெரும்பாலும் கூட்டும். 1876-இன் ஐப்பசி மழை பொய்த்தது எல் நினோ வலுப்பெறுமுன். 1877-இன் பிற்பகுதியில் மழை கொட்டியது அது உச்சத்தை நெருங்கியபோது. ஒன்றன்பின் ஒன்றாக இரு வேறு காரணங்கள் இரு வேறு பருவங்களைத் தாக்கின. தமிழகத்தின் துயரம் இந்தத் தொடர்ச்சியில் இருந்தது.

இப்போது நாம் அண்மைக் காலத்துக்கு வருவோம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. பெய்ய வேண்டியது ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். பெய்தது 170 மில்லிமீட்டருக்கும் குறைவு. இதைவிடக் குறைவாகப் பெய்த ஆண்டைத் தேடிப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் சென்று நின்ற இடம் 1876. நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தாது வருடத்து வானம் திரும்பி வந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. காவிரிப் படுகையில் கருகிய பயிரைக் கண்டு உழவர் பலர் உயிர்விட்டனர்; அத்துயரை நாம் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாலையோரங்களில் மக்கள் விழவில்லை. சேலத்தின் மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கு குறையவில்லை.

அன்று இல்லாதது எது, இன்று இருந்தது எது? நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்தது. பள்ளியில் மதிய உணவு இருந்தது. காமராசர் காலத்தில் தொடங்கி, 1982-இல் சத்துணவாக விரிந்தது. ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் வேலை கேட்டவருக்கு ஊரின் அருகிலேயே வேலை கிடைத்தது. தொலைவுச் சோதனை இல்லை. அம்மை ஒழிந்திருந்தது, வாந்திபேதிக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் வீட்டிலேயே மருந்தாயிற்று. இவற்றைச் சிலர் இலவசங்கள் என்று முகஞ்சுளித்துப் பேசுகின்றனர். 1877-இல் அரசுப் பணம் வீணாகிறது என்று எழுதிய கைகளும் இதே சொல்லைத்தான் தேடியிருக்கும்.

ஆனால் வானம் தன் முறையை மாற்றிக்கொண்டு வருகிறது. 2015 டிசம்பரில் மூழ்கிய சென்னைக்கு 2019-இல் ஏரிகள் நான்கும் வறண்டு, சோலார்ப்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் 25 லட்சம் லிட்டர் வீதம் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. வெள்ளமும் வறட்சியுமாவது கண்ணுக்குத் தெரியும். மெல்ல ஏறும் வெப்பம் தெரிவதில்லை. பஞ்சத்தில் இறந்தவனைப் படம் பிடிக்கலாம். அன்று ஹூப்பர் என்னும் படைத்துறை அலுவலர் பிடித்த படங்கள் இன்றும் நம்மை உறங்கவிடுவதில்லை. வெயிலில் உழைத்து மாலையில் மயங்கி விழுந்தவனின் சாவோ இதயநோய் என்றோ சிறுநீரகக் கோளாறு என்றோ எழுதப்பட்டு மறைந்துபோகிறது. காற்றில் கரியமில வாயு மிகுவதால் அரிசியில் புரதமும் துத்தநாகமும் இரும்பும் குறைகின்றன என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. வெறுந் தானியம் போதாது என்ற கார்னிஷின் வாதம் வேறொரு வாசல் வழியாக உள்ளே வருகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. வரவேற்கத் தக்க ஆணை. வெப்பத்தால் மனிதர் இறக்கிறார் என்பதையாவது அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. எனினும் அது இறந்த பின் வரும் பணம். உயிரோடு இருப்பவர் எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் உழைக்கலாம், இடையில் எவ்வளவு நேரம் நிழலில் இருக்க வேண்டும், அந்நேரத்துக்குக் கூலி யார் தருவது என்னும் கேள்விகள் அன்றைய ஒரு ராத்தல் வழக்கைப்போல் இன்று விடை வேண்டி நிற்கின்றன.

அக்கேள்விகளை எழுப்புவோரும் அன்றுபோலவே உடலை அளந்து பார்ப்பவர்களே. சென்னையில் ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்தனர். வயல், செங்கற் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் உழைத்தவர்களிடையே கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் ஏறத்தாழ இரு மடங்கு என்பது 2024-இல் வெளியான முடிவு. அதே குழுவினர் உப்பளங்களிலும் பிற வேலையிடங்களிலும் முன்னர்ச் செய்த ஆய்வு ஒன்றில் இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. ஆகவே அவர்கள் பகல் முழுதும் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கின்றனர். சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்புகின்றனர். வேதாரணியத்திலும் மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் பங்குனி பிறந்தவுடன், வெயில் ஏறுமுன் பாத்திகளில் இறங்கிவிட வேண்டும் என்று விடியுமுன்னரே அவர்கள் புறப்படுகின்றனர்.